ஆற்றங்கரை என்றால் குளிர்ச்சி என்று எண்ணாதீர்கள்: பிக் பெண்டில் ஒரு நாள் நடைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டேனியல்ஸ் ராஞ்ச் என்னும் இடத்து வாகன நிறுத்தத்தில் ஐந்து இளைஞர்கள் தோள்பைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததால் அருகில் போய் விசாரித்தேன். ஹாட் ஸ்பிரிங்ஸ் வரை நடந்துபோய், அங்குள்ள வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு இதே இடத்துக்குத் திரும்பிவிடுவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு இரண்டு அரை லிட்டர் பாட்டில்கள் வைத்திருந்தார்கள். "மூணு மைல்தானே அண்ணா, ஆறு கூடவே வருது," என்றார் அவர்களில் ஒருவர். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே நிறுத்தத்தில், ஏறக்குறைய இதே சொற்களை, நான் என் மைத்துனரிடம் சொல்லியிருந்தேன்.

டெக்சஸ் மாநிலத்தின் தென்மேற்கில், ரியோ கிராண்ட் ஆறு மெக்சிகோ பக்கமாகப் பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் இந்தப் பூங்கா இருக்கிறது. 1944-இல் தொடங்கப்பட்டது, பரப்பு 8 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். சிஹுவாஹுவா பாலைவனமும், அதன் நடுவே சிசோஸ் மலைத்தொடரும், தெற்கு எல்லையாக ஆறும் ஒன்றாக அமைந்திருப்பதால் 450-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. பாறையையும் பறவையையும் ஒரே நாளில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை. ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் நகரங்களிலிருந்து நம்மவர்கள் நீண்ட வார இறுதிகளில் கூட்டமாக வந்துபோகிறார்கள்.

தொப்பி அணிய வேண்டும், புதுக் காலணியோடு நடக்கக் கூடாது, காரில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஓரளவு தயாரிப்போடு வருகிறவர்களும், நானும், மீண்டும் மீண்டும் செய்த தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மலையில் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு ஆற்றுக்கு இறங்குதல்

சிசோஸ் பேசின் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் உள்ள ரியோ கிராண்ட் வில்லேஜின் உயரமோ ஏறத்தாழ 1,850 அடிதான். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலும் வேறுபடக்கூடும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறும் என்ற பள்ளிக்கூடக் கணக்கை நினைவுபடுத்திக்கொண்டால் இதில் புதிர் ஒன்றும் இல்லை. ஆனாலும் "பிக் பெண்ட்" என்று கைப்பேசியில் தேடி, அது காட்டும் ஒரே எண்ணை முழுப் பூங்காவுக்கும் உரியதாக எடுத்துக்கொள்கிறவர்களே மிகுதி. அந்த எண் மலையைக் குறிக்கிறதா, நடுவில் உள்ள பேந்தர் ஜங்ஷனைக் குறிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பேந்தர் ஜங்ஷன் பார்வையாளர் மையத்தில் அன்றைய வெப்பநிலையை இடவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், "ஆற்றங்கரையில் எவ்வளவு?" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

இங்கே மிகக் கடுமையான மாதங்கள் மே மாதமும் ஜூன் மாதமும் ஆகும். ஜூலையில் மழைக்காலம் தொடங்கினால் சற்றே தணியும். நம் கத்திரி வெயிலைப் போலவே, விடுமுறை தொடங்கும் நேரம் பார்த்துத்தான் வெயில் உச்சத்துக்குப் போகிறது.

ஆற்றை நம்பி நடத்தல்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தத் தவறுதான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சலில் பாதி என்மீதுதான்.

ஆற்றங்கரை என்று கேட்டதும் நம் மனம் படித்துறைக்கும் மருத மரத்துக்கும் ஈரக் காற்றுக்கும் போய்விடுகிறது. காவிரிக்கரையிலோ தாமிரபரணிக்கரையிலோ வளர்ந்தவருக்கு வெயிலுக்கான மாற்றே ஆறுதான். பாலைவனத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஆறு என்பது அந்த நிலத்தின் மிகத் தாழ்ந்த கோடு. ஆகவே அதுவே மிக வெப்பமான கோடும் ஆகும். கரையில் மூங்கிலைப் போல உயர்ந்து நெருங்கி வளரும் நாணல் பல இடங்களில் ஆற்றை அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. எட்டினாலும் அது கலங்கிய நீர், குடிப்பதற்கு ஏற்றதன்று. டேனியல்ஸ் ராஞ்சிலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ் வரை போகும் மூன்று மைல் பாதையோ பெரும்பாலும் ஆற்றுக்கு மேலே, சுண்ணாம்புக்கல் மேட்டின் விளிம்பில் போகிறது. நடக்கிறவர் வழி முழுவதும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். அந்தக் காட்சி தருகிற துணிவில் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார், நேரத்தைத் தளர்த்திக்கொள்கிறார்.

எங்களுக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசி வாரம். நானும் மைத்துனரும் அவருடைய நண்பரும் காலை ஏழு மணிக்கே டேனியல்ஸ் ராஞ்சுக்கு வந்துவிட்டோம். அங்கே முன்னாளில் வேளாண்மை நடந்தது; அதன் மிச்சமாகப் பெரிய காட்டன்வுட் மரங்கள் நிற்கின்றன. அந்த நிழலில், அந்த நேரத்தில், பறவைகள் குவிந்துகிடந்தன. ரோட்ரன்னர் ஒன்று வாயில் ஓணானோடு எங்கள் காருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. நம் ஊர்ச் செண்பகமும் இதுவும் ஒரே குயில் குடும்பம் என்பதை அதன் நடையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். செண்பகம் வேலியோரம் தயங்கித் தயங்கிச் செய்வதை இது வெட்டவெளியில் விரைந்து செய்கிறது. இப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்பதரை ஆகிவிட்டது. திட்டப்படி எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

போகும்போது ஒரு சிரமமும் இல்லை. மேட்டின் விளிம்பில் பலகை பலகையாக அடுக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் படுகைகள். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலின் அடித்தரை அது. சில பலகைகளில் சிப்பிகளின் பதிவுகள் தெரியும். கீழே ஆறு, எதிரே மெக்சிகோ. பாறைச் சுவர்களிலிருந்து கேன்யன் ரென் என்னும் சின்னஞ்சிறு பறவையின் குரல், அவரோகணம் பாடுவதைப் போலப் படிப்படியாக இறங்கி வந்தது. பதினொரு மணி தாண்டி ஊற்றை அடைந்தபோது ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் மீதம் இருந்தது. அது போதும் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம்.

ஹாட் ஸ்பிரிங்ஸ் என்பது ஆற்றோரத்தில் பழைய குளியலறை ஒன்றின் கல் அடித்தளம் மட்டும் எஞ்சிய தொட்டி. 1909-இல் லாங்ஃபோர்ட் என்பவர் இங்கே குடியேறி, நோய் தீர்க்கும் குளியல் என்று விளம்பரப்படுத்தி நடத்திய இடம் அது. தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 செல்சியஸைச் சற்றுத் தாண்டியது. நாங்கள் அதில் ஒரு மணி நேரம் கிடந்தோம்.

அந்த ஒரு மணி நேரம் உடலுக்கு என்ன செய்கிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. உடலின் இயல்பான வெப்பத்தைவிடச் சூடான நீரில் கிடப்பவரிடமிருந்து வெப்பம் வெளியேற வழியில்லை. வியர்த்தாலும் அந்த வியர்வை ஆவியாவதில்லை. வெப்பம் உள்ளேதான் ஏறுகிறது. தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. குளிர்கால இரவில் அது சுகம். நண்பகலில், நிழலற்ற மூன்று மைலுக்கு முன்னால், அது கைவசம் இருந்த பணத்தைத் தொலைத்துவிட்டுக் கடைக்குப் போவதற்கு ஒப்பானது. பன்னிரண்டே கால் மணிக்கு நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கினோம்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. வெயிலின் கடுமையை நாம் வியர்வையால் அளக்கிறோம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டால் கடும் வெயில், ஒட்டாவிட்டால் தாங்கக்கூடிய வெயில் என்பது நம் கணக்கு. உலர்ந்த காற்றில் வியர்வை துணியை நனைக்கும் முன்பே காய்ந்துவிடுகிறது. முதல் ஒரு மைலுக்கு, "வெயில் இருக்குதுதான், ஆனா நம்ம ஊர் மாதிரி புழுக்கம் இல்ல," என்று மைத்துனர் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய கருநீலச் சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே வெண்ணிறக் கோடுகள் வரைந்ததைப் போலத் தெரிந்தன. அவை உப்பு. கோடு தெரிகிற அளவுக்கு உப்பு வெளியேறியிருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாதி வழியில் அவர் பேச்சை நிறுத்தினார். இந்த அறிகுறியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தினால் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அடுத்து, நான் கேட்ட சாதாரணக் கேள்வி ஒன்றுக்கு எரிந்து விழுந்தார். அடுத்து, சமதரையில் இரண்டு முறை கால் தடுக்கினார். பிறகு கை முழுவதும் மயிர்க்கூச்செறிந்து, குளிர்கிறது என்று சொல்லி, வாந்தி எடுத்தார். அந்த இடத்தில் ஒதுங்குவதற்கு மெஸ்கீட் மரம் ஒன்றுதான் இருந்தது. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு அது; நிழலும் அதே லட்சணம்தான். கடைசியில் பாறைப் பலகை ஒன்று முன்னே நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பாய் அகல நிழலில், அவரைப் படுக்க வைத்து, மீதமிருந்த தண்ணீரில் பாதியைச் சட்டையில் ஊற்றி விசிறினோம். நண்பரை அவரோடு இருத்திவிட்டு நான் காருக்குப் போனேன். கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. பூங்காவின் பெரும்பகுதியில் அது கிடைக்காது. கார் தன் வெப்பமானியில் 101 என்று காட்டியது.

பூங்கா ரேஞ்சர் ஒருவர் என்னோடு திரும்பி நடந்து வந்து அவரை மெல்ல வெளியே கொண்டுவந்தார். அங்கிருந்து மருத்துவமனை நூறு மைலுக்கு மேல். இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். பிறகு வீட்டுக்கு வந்த பில் மைத்துனர் அந்த மாதம் கட்டிய வாடகையைவிடப் பெரியது. அவர் நலமாகிவிட்டார் என்பதால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது. 2023 ஜூன் மாதத்தில், இதே பூங்காவில், இங்கிருந்து தொலைவில் இல்லாத மருஃபோ வேகா பாதையில் வெயிலில் நடந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான்; உதவி தேடிக் காரில் விரைந்த அவனுடைய மாற்றாந்தந்தையும் விபத்தில் இறந்தார். அன்றைய வெப்பநிலை 119 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 48 செல்சியஸ்.

அந்த ரேஞ்சர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஹாட் ஸ்பிரிங்ஸில் வாகன நிறுத்தம் இருக்கிறதே, அங்கே யாரிடமாவது காரில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டீர்களா? நாங்கள் கேட்கவில்லை. ஊற்றிலிருந்து எதிர்ப்பக்கம் அரை மைல் நடந்தால் அந்த நிறுத்தம். நாங்கள் தொட்டியில் கிடந்த நேரத்தில் மூன்று குடும்பங்கள் அந்தப் பக்கமிருந்து வந்து, குளித்து, திரும்பிப் போயின. அவர்களில் ஒருவரிடம் கேட்டிருந்தால் இருபது நிமிடத்தில் எங்கள் காருக்கு அருகே இறங்கியிருப்போம். கேட்பதற்குக் கூச்சம், அதோடு, நடந்து போனவர்கள் நடந்தே திரும்ப வேண்டும் என்று எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட ஒரு விதி. அந்த விதியை யாரும் எங்கள்மீது சுமத்தவில்லை.

ஆகவே இந்தப் பாதையைப் பற்றி நான் சொல்வது இதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போய்வர ஆறு மைலையும் நடக்கலாம். அப்போதும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீர் என்னும் பூங்காவின் கணக்கைக் குறைக்க வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புக் கடலையோ, உப்புக் கரைசல் பொட்டலமோ, எலுமிச்சை ஊறுகாய் வைத்த தயிர்சாதமோ கூட இருக்க வேண்டும். மார்ச் மாதத்திலிருந்து ஒருவழி மட்டும் நடக்க வேண்டும்: இரண்டு கார்களில் வந்தால் ஒன்றை முதலில் ஹாட் ஸ்பிரிங்ஸில் நிறுத்திவிட்டு, மற்றதில் டேனியல்ஸ் ராஞ்சுக்கு வந்து, அங்கிருந்து விடியற்காலையில் நடக்கலாம். ஹாட் ஸ்பிரிங்ஸுக்குப் போகும் கடைசிப் பகுதி குறுகிய மண்சாலை. பெரிய வேன்களுக்கு அனுமதி இல்லை. மே மாதம் வந்துவிட்டால் இந்தப் பாதையை மறந்துவிட்டு, நேராகக் காரிலேயே ஊற்றுக்குப் போய், அதையும் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

அந்த ஐந்து இளைஞர்களிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சட்டையில் உப்புக்கோடு விழுந்த கதையை மட்டும் சொன்னேன். மூவர் காருக்குத் திரும்பினார்கள். இருவர் முதல் மேடுவரை மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய், கால் மணி நேரத்தில் அவர்களும் திரும்பிவிட்டார்கள்.

சிவப்பாக இருப்பதையெல்லாம் கார்டினல் என்று எழுதிக்கொள்ளுதல்

ரியோ கிராண்ட் வில்லேஜில் வசந்த காலக் காலையொன்றில் நான்கு வகைச் சிவப்புப் பறவைகளை ஒரே மரவரிசையில் பார்க்க முடியும். புதியவர்களின் குறிப்பேட்டில் அவை நான்கும் கார்டினல் ஆகிவிடுகின்றன. நிறத்தை முதலில் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. நடத்தையை முதலில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெர்மிலியன் ஃப்ளைகேட்சர் என்பது ஓர் ஈப்பிடிப்பான். கிளை நுனியிலோ வேலிக் கம்பியிலோ நிமிர்ந்து உட்கார்ந்து, பறந்துபோய், காற்றிலேயே பூச்சியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். நம் இரட்டைவால் குருவி மின்கம்பியில் செய்யும் வேலைதான். ஆண் பறவையின் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பு. முதுகும் கண்ணை ஒட்டிய பட்டையும் கரும்பழுப்பு. ஒரு முறை அது எனக்குப் பத்தடி தொலைவில் தட்டானைப் பிடித்து வந்து, கிளையில் இரண்டு முறை அடித்து, இறக்கை மட்டும் கீழே விழ விழுங்கியது. அதற்குள் என் பக்கத்தில் இருந்தவர் "கார்டினல்" என்று எழுதி முடித்துவிட்டார். சம்மர் டானேஜர் ஏப்ரலில் வந்து சேரும். ஆண் உடல் முழுவதும் ஒரே சிவப்பு, கொண்டை கிடையாது, அலகு வெளிறியது, இலைகளுக்குள்ளேயே நிதானமாக நகரும். கார்டினலுக்குக் கொண்டை உண்டு. அலகைச் சுற்றிக் கருப்பு. பிரலாக்ஸியா கார்டினலின் உருவத்தில் சாம்பல் நிறம் பூசியது போன்றது. மார்பிலும் கொண்டையிலும் சிவப்புத் தீற்றல், கிளியினுடையதைப் போல வளைந்த குட்டை அலகு. இது புதர்ப்பக்கத்தை விட்டு மரத்துக்கு அதிகம் வருவதில்லை.

தொலைநோக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பெருக்கம் கூடினால் நன்றாகத் தெரியும் என்று 12 மடங்கு, 16 மடங்கு என வாங்கி வருகிறார்கள். கை நடுக்கமும் அதே மடங்கில் பெருகும். எட்டு மடங்குப் பெருக்கமுள்ள 8x42 போதும்.

வட்டமிடும் கருமையையெல்லாம் பிணந்தின்னி என்று விட்டுவிடுதல்

இங்கே வானத்தில் பெரும்பாலும் டர்க்கி வல்ச்சர் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் இருக்கும். இறக்கைகளை ஆழமற்ற V வடிவில் உயர்த்தி, இரு பக்கமும் தள்ளாடியபடி மிதக்கும். ஒரு மணி நேரத்தில் கண் சலித்துவிடும்; அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிடுவோம். அந்தச் சலிப்பைப் பயன்படுத்திப் பிழைக்கிற ஒரு பறவை உண்டு. ஸோன்-டெய்ல்ட் ஹாக் என்னும் வல்லூறு அதே கருமையில், அதே V வடிவில், அதே தள்ளாட்டத்தோடு கழுகுகளுக்கு நடுவே மிதக்கிறது. பிணந்தின்னியைக் கண்டு சிற்றுயிர்கள் அஞ்சுவதில்லை என்பதால் இந்த வேடத்தில் இரையை நெருங்குவது அதற்கு எளிதாகிறது என்பது பறவையியலாளர்கள் தரும் விளக்கம். வாலில் வெள்ளைப் பட்டையும், காலிலும் அலகின் அடியிலும் மஞ்சளும் தெரிந்தால் அது வல்லூறு. சிவந்த மொட்டைத் தலை தெரிந்தால் கழுகு.

காமன் ப்ளாக் ஹாக் வேறு. அகன்ற இறக்கை, வாலில் ஒற்றை வெள்ளைப் பட்டை, தண்ணீரோரத்து உயரமான மரங்களில் வாசம். அமெரிக்காவுக்குள் இதைப் பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. ரியோ கிராண்ட் வில்லேஜின் காட்டன்வுட் மரங்கள் அவற்றுள் ஒன்று. கூடு இருக்கும் மரத்தருகே நிற்க வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைக் கூட்டுக்கு வழிகாட்டும் அம்புக்குறியாக எடுத்துக்கொண்டு, அதன் அடியிலேயே முக்காலியை நிறுத்தும் புகைப்படக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியில் குரல் போட்டுப் பறவையை அழைத்தல்

பூங்காவில் இதற்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் செய்யக் கூடாது.

பறவை முடிந்த பிறகு பாறை என்று திட்டமிடுதல்

பாலைவன நாளில் குளிர்ந்த காலை ஒன்றுதான் இருக்கிறது. அதை இரண்டு முறை செலவழிக்க எல்லோரும் முயல்கிறார்கள். ரியோ கிராண்ட் வில்லேஜில் ஒன்பது மணி வரை பறவை, பிறகு கிரேப்வைன் ஹில்ஸில் பாலன்ஸ்டு ராக் என்னும் தாங்குபாறை என்று தாளில் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆற்றிலிருந்து பேந்தர் ஜங்ஷனுக்கு 20 மைல்; அதைத் தாண்டி மேற்கே மூன்று மைல்; அங்கிருந்து ஆறு மைலுக்கு மேல் சரளைச் சாலை. போய்ச் சேரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும்.

நடை சிறியதுதான், போய்வர 2.2 மைல். முதலில் மணற்பாங்கான ஓடைப்படுகை, ஏறக்குறைய சமதரை. கடைசிக் கால் மைலில் பாறை உருண்டைகள்மீது கைவைத்து ஏற வேண்டும், நண்பகலில் அந்தப் பாறையில் கைவைக்க முடியாது. கணவாயின் உச்சியில் வழி வலப்பக்கம் திரும்புகிறது; பலர் அங்கே அடையாளக் கம்பங்களைக் கவனிக்காமல் நேரே ஏறி, அரை மணி நேரம் பாறைகளுக்கிடையே சுற்றிவிட்டு, "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள்.

இருப்பதோ செஞ்சிக் கோட்டைப் பக்கத்தை நினைவூட்டும் உருண்டைப் பாறைக் காடு. பூமிக்கு அடியிலிருந்து மேலே வந்த பாறைக்குழம்பு மேற்பரப்பை எட்டாமல், மேலிருந்த படுகைகளைக் குடைபோல உயர்த்திவிட்டு, உள்ளேயே மெல்லக் குளிர்ந்து இறுகியது. மேலிருந்தவை அரித்துப்போனபின் அது வெளியே தெரிகிறது. இறுகியபோது விழுந்த வெடிப்புகள் அதைக் கட்டை கட்டையாகப் பிரித்துவிட்டன. வெடிப்புகளில் இறங்கும் நீர் கட்டைகளின் மூலைகளை முதலில் சிதைக்கிறது, ஏனெனில் மூலை மூன்று பக்கமும் தாக்கப்படுகிறது. அதனால்தான் எல்லாமே உருண்டையாகிவிடுகின்றன. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையும் அதன் வடிவத்துக்கு இதே வகைச் சிதைவுக்குத்தான் கடன்பட்டிருக்கிறது. இங்கே இரண்டு பாறைகளின் தோள்மீது மூன்றாவது பாறை தங்கி, நடுவில் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அதன் வழியே பாலைநிலம் முழுவதும் தெரியும். இதைப் பார்க்க வேண்டுமானால் சூரியன் எழும்போது அங்கே இருக்க வேண்டும். பறவைக்கு மறுநாள் காலையை ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஆற்றங்கரையிலேயே இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்: ரியோ கிராண்ட் வில்லேஜின் இயற்கைப் பாதை முக்கால் மைல்தான், ஊற்றுநீர்க் குட்டைக்கு மேல் போட்ட பலகைப் பாலத்தைக் கடந்து, சுண்ணாம்புக்கல் குன்றின் உச்சிக்கு அது ஏறுகிறது. பிக் பெண்ட் காம்பூசியா என்னும் சிறு மீனினம் ஒன்று உலகில் இந்தப் பூங்காவில் மட்டுமே வாழ்கிறது என்பதும் பாலத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. குட்டையில் எதையும் போடாமல் இருப்பார்கள்.

லெச்சுகியாவின் ஓரமாக நடத்தல்

நம் ரயில் கற்றாழையின் பங்காளி. முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடும் உயரம், ஈட்டியைப் போன்ற முனை. படம் எடுக்கப் பின்வாங்கும்போதுதான் எல்லோரும் குத்திக்கொள்கிறார்கள்.

பாதையோரக் கைவினைப் பொருள்களை வாங்குதல்

பாறைமீது கம்பியால் செய்த தேளும் ரோட்ரன்னரும், பக்கத்தில் பணம் போட ஒரு டப்பாவும் இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள போக்கியாஸ் ஊர்க்காரர்கள் வைத்தவை. பாதையோரத்தில் இப்படி வாங்குவது சட்டவிரோதம்; பறிமுதல் செய்வார்கள். வேண்டுமானால் அதிகாரபூர்வ எல்லைச் சாவடி திறந்திருக்கும் நாளில், கடவுச்சீட்டோடு, முறைப்படி அக்கரைக்குப் போய் வாங்கலாம். ஆழம் குறைவாக இருக்கிறது என்பதற்காக வேறு இடத்தில் ஆற்றைக் கடந்து மறுகரையை மிதித்துவிட்டு வருவது வேடிக்கை அல்ல. விசாவில் இருப்பவருக்குச் சிறிதும் அல்ல.

ஆவணங்களை வீட்டில் வைத்துவிட்டு வருதல்

பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும் நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. நாட்டைவிட்டு வெளியே போகாவிட்டாலும் நிறுத்துவார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் கடவுச்சீட்டும் விசா ஆவணங்களும், அல்லது கிரீன் கார்டும் கையில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் போதாது.

இரண்டு கார் ஏற்பாட்டில் சாவி

ஹாட் ஸ்பிரிங்ஸில் நிறுத்திய காரின் சாவி, டேனியல்ஸ் ராஞ்சில் நிறுத்திய காரில் இருந்தது. இது மைத்துனர் விஷயத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த முறை அடுத்த குடும்பத்திடம் கூச்சமில்லாமல் கேட்டு ஏறிக்கொண்டேன்.